கட்சி மாறிய மீன்கள்

டீ வடிகட்டியால் மீன்குட்டிகளை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு சிக்கிவிட்டன. மீதிச் சனியன்கள் கைக்கு வந்தால்தானே!

பத்தேகாலுக்கு என் மனைவி தீனி போட வந்துவிடுவாள். அவள் கண்ணில் ஒன்றுகூடப் படக்கூடாது.

காகித ஆலையின் கழிவுநீர் சுத்தமாகி வெளியே போகிற இடத்தில் இருக்கிறது இந்தத் தொட்டி. தண்ணீர் சுத்தம் என்று வருகிற அதிகாரிக்குக் காட்டத்தான் இந்த மீன்கள். செத்தால் வேறு வாங்கி விடுவோம். குட்டி போடுகிற ஜாதிதான்; ஆனால் பதினாறு வருடத்தில் ஒன்றுகூடப் போட்டதில்லை.

அவள் இங்கேதான் கூட்டிப் பெருக்குகிறாள். நாலு முறை கரு தங்கி, நாலு முறையும் கலைந்து, டாக்டரும் கையை விரித்த பிறகு, ஒருநாள் தொட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதுங்கல்லாம் நம்ம கட்சிங்க.”

அன்றிலிருந்து மீன்களுக்குத் தீனி போடுவது அவள் வேலை.

ஆறு மாதம் முன்பு புதிதாக ஒரு தொட்டி கட்டி, அதில் கிருமி வளர்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் போதும், கழிவை அவை தின்றுவிடும். பழைய தண்ணீரில் மீன்களின் ஹார்மோனைக் குழப்புகிற ஏதோ ஒன்று இருந்ததாம். அதையும் தின்கின்றனவாம். லேப் பெண் சொன்னாள்.

மனுஷருக்கும் அது ஆகாதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் இந்த வாய்க்கால் ஓரத்தில்தான். குடித்ததெல்லாம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர். உறுதியாகச் சொல்ல முடியாதாம்!

என் மனைவிக்கு நாற்பத்தெட்டு வயது முடிந்துவிட்டது. முதல் குட்டியை நேற்றுப் பார்த்ததும் எனக்கே வயிறு எரிந்தது; அவள் பார்த்தால் தாங்குவாளா? அதனால்தான் காலையில் அடுப்படியிலிருந்து வடிகட்டியைத் திருடிவந்தேன். அதன் வலையில் ஏதோ மாவு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன்.

தொட்டி மூலையில் யாரோ பாசிக்கொத்து ஒன்றை நூலில் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். பெரிய மீன்கள் தின்றுவிடாமல் ஏழெட்டுக் குட்டிகள் அதற்குள் ஒளிந்திருந்தன. எவன் பார்த்த வேலை இது? பிடுங்கக் கையை நீட்டினேன்.

“வடிகட்டி இங்கயா இருக்கு? காலையிலேர்ந்து வீடு பூரா தேடுறேன்.”

சீக்கிரம் வந்துவிட்டாள். வாளியைக் காலால் மறைத்தேன். அவள் அதை இழுத்து எட்டிப் பார்த்தாள். குட்டிகளைப் பாசி ஓரமாக மெல்ல ஊற்றினாள்.

பிறகு தீனிப் பொட்டலத்தைப் பிரித்தாள். கடுகு கடுகாக இருக்க வேண்டிய தீனி பொடியாக அரைபட்டிருந்தது.

எத்தனை நாளாக என்னிடம் மறைக்கிறாள்? நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்?

அவள் என் கையிலிருந்து வடிகட்டியை வாங்கி, துணியால் ஈரம் போகத் துடைத்தாள். பொடியை அதில் கொட்டி, பாசிக்கு மேலே பிடித்து, விரலால் தட்டித் தட்டிச் சலித்தாள்.

சின்ன வாய்களாயிற்றே.