சி பிளாக் அலைவரிசை ஏலம்

வந்திருந்தவர்கள்: பதினொரு வீட்டுக்காரர்கள், இரண்டு நெட்வொர்க் கம்பெனி ஆட்கள், ஏலம் விடும் சங்கச் செயலாளர் ரூபன், அவர் அப்பா தேவசகாயம், வாட்ச்மேன் நான்.

ஜெயிக்கும் கம்பெனியின் அலைவரிசை மட்டுமே இனி கட்டடத்துக்குள் இயங்கும். தேவசகாயத்தின் இதயக் கருவி பழைய கம்பெனியின் சிக்னலில் ஓடுவது.

"எட்டு மாசம் நெட் ஃப்ரீ," என்றான் பழைய கம்பெனிக்காரன்.

"நாங்க ரெண்டு வருஷம்," என்றான் புதியவன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஒரு தரம், ரெண்டு தரம்..."

"டேய், என் நெஞ்சு நின்னுடும்டா," என்றார் தேவசகாயம்.

"பக்கத்துத் தெருவுல உங்க சிக்னல் இருக்குப்பா. நேத்தே ரூம் பாத்துட்டேன். மூணு தரம்!"

ஆறு மணிக்கு அலைவரிசை மாறும். ஐந்தரைக்கே அவர் பையோடு கீழே வந்தார்.

"அடுத்த ஏலம் எப்பப்பா?"

"அஞ்சு வருஷம் ஆகும் சார்."

வெளியே போனார். பழக்கத்தில் திரும்பி வந்துவிடக் கூடாதென்று கேட்டைச் சாத்திப் பூட்டினேன்.