பக்கத்தில் ஓடுகிறவள்

"ஒரு மாசம் உங்க வீட்டுக்காரரைத் தனியா ஓடச் சொல்லுங்க. குடி முழுகிடாது," என்றாள் பிசியோதெரபிஸ்ட், கட்டிலில் படுத்திருந்தவளின் இடுப்பை விரலால் அழுத்தியபடி.

"முடியாது டாக்டர்."

"அப்ப வேற யார்கூடயாவது?"

"ரெண்டு பேரைப் பார்த்தாச்சு. அவர் முழங்காலைப் பேத்துக்கிட்டு வந்ததுதான் மிச்சம்."

"ஐயோ, நல்ல ஜோடிதான் அக்கா நீங்க! வீட்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறது போதாதா, ரோட்லயுமா?"

அவள் சிரித்து வைத்தாள். இதற்கு மேல் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும், குரல் குழைந்துவிடும். அவளுக்கு அது பிடிக்காது. அவள் வந்தது இடுப்பு வலிக்கு.

எட்டு மாத வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் நீந்தச் சொன்னார். இன்னொருவர், "இந்த வயசுல எதுக்கும்மா ஓட்டம்?" என்றார். மாத்திரையை முழுங்கிவிட்டுச் சமாளித்துப் பார்த்தாள். ஆனால் அவள் நடையை வைத்தே கணவர் கண்டுபிடித்துவிட்டார். "விடு, நிறுத்திடுவோம். உன் இடுப்பை விட ஓட்டம் என்ன பெருசா?" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. ஓடாத நாட்களில் அவர் கூடத்துக்கும் அறைக்குமாகக் கூண்டுப் புலி மாதிரி நடப்பது அவளுக்குத் தெரியாதா?

"அவர் உங்களை விட வேகமா?" பிசியோதெரபிஸ்ட் காலை மடக்கி நீட்டினாள்.

"ரொம்ப. எனக்காகத்தான் அடக்கி ஓடுறார்."

"பேசிட்டே ஓடுவீங்களோ?"

"நான் பேசுவேன். அவர் கேட்டுக்குவார்."

"எல்லா வீட்லயும் அதே கதைதான்."

"என் பேச்சைக் கேட்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்."

"கொடுத்து வச்சவங்க! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே! சரி, மெஷின்ல ஏறுங்க, ஓட்டத்தைப் பார்ப்போம்."

டிரெட்மில் சுழன்றது. அவள் ஓடினாள். இப்போது அந்த வார்த்தை வரப்போகிறது, 'நிறுத்துங்க' என்று.

"இடது கையை ஏன் விலாவோட ஒட்டி வச்சிருக்கீங்க?"

குனிந்து பார்த்தாள். வலக்கை தாராளமாக வீசிக்கொண்டிருக்க, இடக்கை மட்டும் அசையாமல் கிடந்தது.

"அவருக்கு எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

"வலது பக்கம். எப்பவும்."

"அதான் விஷயம்! பக்கத்துல ஆள் இருக்கு, இடிக்கும்னு கையை ஒடுக்கிப் பழகிட்டீங்க. ஆளே இல்லாத மெஷின்லயும் அது அசைய மாட்டேங்குது. அது செய்யாத வேலையைச் சேர்த்து இடுப்பு இழுக்குது. பாவம், அது என்ன பண்ணும்?"

"அப்போ... நிறுத்தணுமா?"

"எதுக்கு? ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம்னு மாறி மாறி ஓடுங்க. ரெண்டு பயிற்சி சொல்றேன், விடாம செய்ங்க. எலும்புக்கு ஒண்ணும் இல்லை. முதல்ல மெதுவா, அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் மெஷினை நிறுத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"இதுக்குப் போய் அழுவாங்களாக்கா?"

"வியர்வை," என்றாள்.

மறுநாள் காலை, தெருமுனை. அவள் அவருடைய இடது பக்கம் போய் நின்றாள்.

"இந்தப் பக்கம் சரிவருமா? எனக்குக் கொஞ்சம் உதறலா இருக்கு," என்றார் அவர்.

"பக்கம்தான் வேற. வாய் அதே வாய்தான்."

"அதைச் சொல்லு. அதுக்கு என்னைக்கு வலி வந்திருக்கு?"

வாய்விட்டுச் சிரித்தபடி ஒரு முழக் கயிற்றின் ஒரு நுனியை அவர் விரல்களில் மாட்டி, மறுநுனியைத் தன் வலக்கையில் சுற்றிக்கொண்டாள்.

"நேர் ரோடு. பத்தடியில வேகத்தடை. சொல்றப்ப காலைத் தூக்குங்க."

பிறந்ததிலிருந்தே பார்வையில்லாத அந்த மனிதர், அவள் குரலை நம்பி முதல் அடியை எடுத்து வைத்தார்.