ஜூன் மாதத்து அட்டை

பெங்களூரின் அந்த ஆண்கள் பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் கழுத்தில் அட்டை மாட்டிவிடுவார்கள். அடுத்து யார் அப்படிப் பேசுவது அட்டை மாட்டியவன் காதில் விழுகிறதோ, அவர் கழுத்துக்கு அதை மாற்றிவிடலாம். ரூபனுக்கு ஜூனில் மாட்டிய அட்டை, மார்ச்சிலும் அவன் கழுத்திலேயே தொங்கியது.

“நன்னடத்தைக்கு இவனுக்கு டி கிரேடுதான்,” என்றார் வகுப்பாசிரியர் டொமினிக், ஆங்கிலத்தில்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த ரூபனின் அம்மா எலிசபெத்துக்கு முகம் சுண்டிவிட்டது. சாருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் மகனிடம் சீறினாள். “மானத்த வாங்குறியேடா! வருஷம் முழுக்க வேற யாரு பேசியும் உன் காதுல விழலியா?”

“மறுநாளே ஒருத்தர் பேசுனாரும்மா. மாடிப்படிக்குக் கீழ நின்னு, போன்ல. மாத்திரை போட்டியாம்மான்னு கேட்டாரு.”

“அவருக்கு மாட்ட வேண்டியதுதானே?”

“அவருக்கு எப்படிம்மா மாட்டுறது? அவர விட்டுட்டு மத்த பசங்களுக்கு மாட்டுனா தப்பில்ல?”

“யாருடா அது?”



டொமினிக் எழுந்து வந்தார். ரூபனின் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எலிசபெத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவரால்.

“எங்கம்மாவுக்குத் தமிழ் மட்டும்தாங்க தெரியும்.”