இரைச்சல் பெட்டி

ஸ்பீக்கர்களைச் சோதிக்க ‘உஸ்ஸ்’ என்று சீராக இரையும் சின்ன சர்க்யூட் அது. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் நான் வடிவமைத்ததை மேலாளர் சந்திரமோகன் வாங்கிப் பார்த்தார்.

“டிரான்சிஸ்டரைத் தலைகீழா மாட்டியிருக்க. நீயெல்லாம் இன்ஜினியரா லா?”

சர்க்யூட்டை அவரிடமே விட்டுவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். என் போன டிசைனையும் இப்படித்தான் குறை சொல்லி வாங்கி, தன் பெயரில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

“இது என் டிசைன். இந்தப் பொண்ணு செஞ்ச தப்பைக்கூட நானே என் கையால திருத்தினேன்,” என்று சுவிட்சைப் போட்டார்.

சத்தமே இல்லை. மறுபடி போட்டார். ஊஹூம்.

“தர்ஷினி, என்னம்மா இது?” குரல் இறங்கியிருந்தது.

“டிரான்சிஸ்டரைத் தலைகீழா மாட்டினாத்தான் சார் இரைச்சல் வரும்,” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “நீங்கதான் உங்க கையாலேயே திருத்திட்டீங்களே!”