பின்பக்கம்

அந்தப் பெண் கண்ணாடி அலமாரியைத் திறக்கச் சொன்னதும் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

இறந்துபோன சகாயராணியின் மகள் ஜெனிட்டா. முதல்முறையாக இந்த ஷெட்டுக்குள் வந்திருக்கிறாள். அம்மாவின் படத்துக்கு மாலை போட்டாயிற்று, மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்பது வெல்டர்கள் அஞ்சலிக் கூட்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அவளும் சும்மா உட்கார வேண்டியதுதானே.

அலமாரிப் பக்கம் எதற்குப் போகிறாள்?

ஜெனிட்டா ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவள் என்பது அவருக்கு இன்று காலையில்தான் தெரியும். தெரிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்குப் பைப் இருக்கிறது. நடுவில் அதைச் சுற்றி ஓடும் வெல்டு. பக்கத்தில் இரும்பில் அடித்த எண் பதினான்கு. இங்கே யார் எதை ஒட்டினாலும் தன் எண்ணை அருகில் அடித்தாக வேண்டும். பதினான்கு என்றால் துரைசிங்கம். அதாவது அவர்.

சகாயராணியின் எண் முப்பத்தொன்று.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, புடவை கட்டிக்கொண்டு நெருப்பிலா என்று சிரித்தவர்களில் அவரும் ஒருவர். அவள் புடவைக்கு மேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரே மாதத்தில் சிரித்த வாயையெல்லாம் அடைத்தாள்.

பதினொரு வருஷத்துக்கு முன் பாய்லர் வேலைக்கு ஒரு பரீட்சை வந்தது. பைப் சுவரை ஒட்டி நிற்கும். பின்பக்கம் கை போகும், கண் போகாது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதில் தெரிவதைப் பார்த்தே வெல்டு போட வேண்டும். கண்ணாடிக்குள் இடம் வலமாகிவிடும்.

துரைசிங்கம் இரண்டு பைப்பை ஓட்டையாக்கினார். மூன்றாவதும் போனால் வேலை போகும். முன்பக்கத்தை ஒழுங்காக முடித்துவிட்டுப் பின்பக்கத்துக்கு வந்தபோது கண்ணாடியில் கை எந்தப் பக்கம் போகிறது என்றே பிடிபடவில்லை. இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருந்தார்.

"தள்ளிக்க, துரை."

சகாயராணி கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அவர் பதினான்கை அடித்தார்.

எக்ஸ்ரேயில் ஒரு புள்ளிகூட இல்லை. அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். மற்ற வெல்டர்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் ஆக்கினார்கள். எக்ஸ்ரே ஓட்டையைப் பார்க்கும், கையைப் பார்க்காது.

சகாயராணிக்கு இடது கைப் பழக்கம், அவருக்கு வலது.

வெல்டு ஓடிய தடத்தில் மீன் செதிள் போல வரி விழும். கை போன திசைக்கு ஏற்றபடி வரி வளையும். முன்பக்கம் ஒரு திசை, பின்பக்கம் எதிர்த்திசை. வேலை தெரிந்தவன் திருப்பிப் பார்த்தால் இரண்டு பேர் போட்டது என்று சொல்லிவிடுவான். அதனால்தான் அவரே தன் கையால் அதை அலமாரியில் வைத்தார், பின்பக்கம் சுவரைப் பார்க்க.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அல்லது சொல்லிவிட்டாளா? டீக்கடையில் அவள் யாரோடாவது சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும். சிரிக்காமல் போனால், உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது தூங்கவே விடவில்லை.

ஒருநாள் மேனேஜரிடம் போய், பொம்பளைக்கு எதற்கு பாய்லர் வேலை, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அக்கறையாகப் பேசினார். மறுவாரமே அவளைப் படிக்கட்டுக் கைப்பிடி ஒட்டும் மூலைக்கு மாற்றினார்கள். கடைசிவரை கைப்பிடிதான். ஏன் என்று அவள் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்காததையும் அவர் சந்தேகப்பட்டார்.

சற்று முன்புகூட ஒருவர் எழுந்து, கைப்பிடி வேலையில் ராணியக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று உருகினார். துரைசிங்கத்துக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தைவிட பயம் பெரிதாக இருந்தது.

இப்போது ஜெனிட்டாவின் கையில் பைப்.

முன்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினாள். வரியின் மேல் கட்டைவிரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கோபமா, கேலியா, ஒன்றும் பிடிபடவில்லை. தாயைப் போலவே கல்லுளிமங்கி.

மேனேஜர் அருகே போய், அது துரைசிங்கம் போட்டது, எண்ணைப் பாரம்மா என்றார். அம்மா போட்டது ஏதாவது கிடக்கும், தேடித் தருகிறேன் என்றார்.

"அம்மா போட்டது ஒண்ணுகூட எங்க வீட்டுல இல்ல சார்" என்றாள், பைப்பைப் பார்த்தபடியே.

பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பின்பக்கம் வெளியே தெரிய வைத்தாள்.

அலமாரியைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

தெரிந்து வைத்தாளா? தெரியாமல் வைத்தாளா? அவளிடம் எப்படிக் கேட்பது?

பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, யார் வம்புக்கும் போகாதவர். இப்படிக் காலையிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அலமாரி இப்போது அவர் முதுகுக்குப் பின்னால்.

எதிரே நாற்பது வெல்டர்கள்.

"சகாயராணி..." என்று ஆரம்பித்தார்.

முதல் வரிசையில் மைக்கேல்சாமி. நாற்பது வருஷம் வெல்டு போட்டு ஓய்வு பெற்றவர். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை அலமாரிப் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.