வாளியில் இருந்த மீன்

பட்டறைக் கழிவு வந்து கலக்கும் பண்ணைக் குளத்தில் ஒரு கட்லா மீன் மினுமினுவென்று வளர்ந்திருந்தது. கரையில் பசித்த குட்டிகளோடு நின்ற பூனையைப் பார்த்து, "என்னக்கா, எச்சில் ஊறுதா? என்னை மாதிரி சுத்தமான மீன் சந்தையிலயே கிடையாது!" என்று பீற்றிக்கொண்டது.

"ஆமாமா, ஈயமும் பாதரசமும் தின்னு வளர்ந்த உடம்பு மினுங்காம என்ன செய்யும்? உன் முதலாளி வீட்டுக் குழம்புல உங்க சனம் ஒருத்தராவது கொதிச்சதுண்டா?"

"அது அவருக்கு எங்க மேல உள்ள பாசம்க்கா."

அப்போது முதலாளி, பக்கத்து ஊர் ஏரியில் வாங்கிய கட்லா ஒன்றை வாளியில் கொண்டுவந்து வைத்தார். மீனில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க வரும் அதிகாரியிடம் அதைத்தான் குளத்து மீன் என்று காட்டுவாராம். அதிகாரியை வரவேற்க இளநீரோடு வாசலுக்கு முதலாளி ஓடியதும், பூனை வாளி மீனைக் கவ்விவந்து குட்டிகள் முன்னால் போட்டது.

"ஐயோ அக்கா, அது சோதனைக்கு வெச்ச மீனு!"

"அதனாலதான் என் பிள்ளைங்களுக்கு எடுத்தேன்."

"அப்போ அதிகாரிக்கு?"

"நீதான் சுத்தமாச்சே தங்கம், நீயே போயிட்டு வா."

காலி வாளியைப் பார்த்த அதிகாரி, குளத்தில் வலை வீசச் சொன்னார். கட்லா சேற்றுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. கரையில் முதலாளியும் புதைய இடம் தேடிக்கொண்டிருந்தார்.