மாமனார் இறங்கும் இடம்

“மாமா, பின் சீட்ல கொஞ்சம் ஏறி உக்காருங்களேன். புது டயர் உரசுதான்னு பார்க்கணும்.”

மாமனார் சட்டைப் பையைத் தடவினார். கூரையைப் பார்த்தார். “நான் எதுக்கு மாப்ள? வேற யாராவது உக்காரட்டுமே” என்று சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. டயர்க்கடையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்தான் நிலைமையைச் சமாளித்தார். பெரியவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும், பழைய டயர்களைப் பின் சீட்டில் அடுக்கினால் அதே பாரம்தானே என்று சொல்லி அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

அழுக்கு டயர் உட்காருகிற இடத்தில்கூட இவர் உட்கார மாட்டாராம் என்று மாப்பிள்ளை உள்ளுக்குள் புகைந்தான்.

நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற கார் அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதன்மேல் அவனுக்குப் பித்து. ஸ்பிரிங்கை மாற்றி, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். தெருவில் அதற்குப் ‘பல்லி’ என்று பெயர். அந்த மாதிரி வண்டியில் ஒரு டயர்கூட அளவு மாறக் கூடாது என்பதால், அகலமான அலாய் வீலும் டயரும் நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவில் தேடித் தேடி வரவழைத்திருந்தான்.

மாமனாரோ வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்படி மாற்றி அமைத்த வண்டிகளை ஓரங்கட்டியே காலம் தள்ளியவர். முதன்முதலில் அவன் அவர் வீட்டுக்குப் போன அன்று, வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். அன்றைக்கே அவனுக்குள் ஒரு கூச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது.

தினமும் வேலைக்குப் போகிற வழியில் அவரைப் பூங்காவில் இறக்கிவிடுவது அவன் வழக்கம். வாசல் பெஞ்சில் அவருடைய கூட்டாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச காலமாக, முந்தின தெருமுனை வந்ததுமே, இங்கேயே நிறுத்திவிடுங்கள், நடந்து போய்க்கொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்பாவுக்கு நடக்கப் பிடிக்கும் என்று மனைவி மழுப்பினாள். அவனுக்கா புரியாது? இந்தக் காரில் வந்து இறங்குவது அவருக்கு மானக்கேடு. அந்த ரோஷத்தில், அவர் இறங்கும்போது முகத்தைத் தன் பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வான். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கிளம்பிவிடுவான்.

இன்றைக்கு நானும் டயர்க்கடைக்கு வருகிறேன் என்று அவராகவே ஏறிக்கொண்டார். குறை கண்டுபிடிக்கத்தான் என்று அப்போதே அவனுக்குத் தோன்றியது.

கடைக்காரர் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். முன்பக்கம் ஒரு வம்பும் இல்லை. பின்னால் பாரம் ஏறியதும் டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசியது. விளிம்பை மடித்துத் தட்டலாம், இல்லையென்றால் வண்டியை ஒரு விரல்கடை உயர்த்தலாம் என்றார் அவர். உயர்த்துகிற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீல் நட்டுகள் பார்க்க மாப்பிள்ளை உள்ளே போனான்.

திரும்பி வந்தபோது, மாமனார் காரைக் கைகாட்டிக் கடைக்காரர் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் சட்டென்று நிறுத்தினார்.

“சட்டப்படி தப்புன்னா என்கிட்டயே சொல்லுங்க மாமா. கடைக்காரர்கிட்ட எதுக்குப் போட்டுக் குடுக்கறீங்க?”

“ஐயோ, அப்படி ஒண்ணும் இல்ல மாப்ள.”

“எனக்குத் தெரியாதா? என் வண்டியில வந்து இறங்கறது உங்களுக்கு அசிங்கமா இருக்கு. நாளைலேர்ந்து பஸ்லயே போய்க்கங்க.”

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மென்று விழுங்கிவிட்டு, “சரி மாப்ள” என்றார். சாலையோரமாக மெல்ல நடந்து பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனார்.

சொல்லி முடித்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு உடம்பு கூசியது. நாலு பேர் முன்னால் ஒரு பெரிய மனிதரை எடுத்தெறிந்து பேசியாயிற்று. மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? ஓடிப் போய்க் கூப்பிடலாம் என்று கால் பரபரத்தது, வீம்பு பிடித்து இழுத்தது. அவர் அப்படி என்னதான் குறை சொன்னார் என்று கடைக்காரரிடம் கேட்டான்.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே தயங்கினார்.

“உங்ககிட்ட சொல்ல வேணாம்னார். இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? குறையெல்லாம் சொல்லல சார். வந்ததும் நீங்க நேரா உள்ள போயிட்டீங்க; அவர் இறங்கினதை நான்தான் பார்த்தேன். முழங்கால் மடங்கல. ரெண்டு கையையும் தரையில ஊணி, தவழ்ந்துதான் எழுந்தார். பூங்கா வாசல்ல கூட்டாளிங்க முன்னாடி அப்படி இறங்க வெக்கமா இருக்குதாம்.”

மாப்பிள்ளை சாலையைப் பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“வண்டியை உயர்த்திடலாமான்னு நான் கேட்டேன் சார், கூடவே கூடாதுன்னுட்டார். ‘மாப்பிள்ளை ஆசை ஆசையா இறக்கின வண்டி, அவர் மனசு நோகக் கூடாது; நான் பிடிச்சு எழுந்திரிக்க வெளிய தெரியாம ஒரு கைப்பிடி மட்டும் வச்சுக் குடுங்க’ன்னுதான் கேட்டுக்கிட்டிருந்தார்.”